ஏப் ஃபோர்ட்டாஸ்

ஏப் ஃபோர்ட்டாஸ் (ஜூன் 19, 1910 – ஏப்ரல் 5, 1982) ஐக்கிய அமெரிக்காவின் புகழ் பெற்ற வழக்கறிஞர்களுள் ஒருவர். 1965 முதல் 1969 வரை அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் இணை நீதிபதியாகப் பணியாற்றினார். குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளுக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் அமர்த்தப்பட வேண்டும் என்னும் உரிமையை 1963 இல் வாதாடிப் பெற்றுத் தந்தவர் இவரே. சிறார் நீதிமன்றங்களில் நிறுத்தப்படும் பிள்ளைகளுக்கும் முறையான விசாரணை தேவை என்று நிலைநாட்டிய கென்ட் (1966), கால்ட் (1967) ஆகிய இரு வழக்குகளின் தீர்ப்புகளையும் இவரே எழுதினார். நன்கொடை தொடர்பான சர்ச்சை காரணமாக 1969 இல் பதவி விலகினார்.

இளமைக் காலம்

டென்னசி மாநிலத்தின் மெம்பிசு நகரில் குடியேறி வாழ்ந்த யூதக் குடும்பமொன்றில், ஐந்து பிள்ளைகளில் இளையவராக ஃபோர்ட்டாஸ் பிறந்தார். பெற்றோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். தந்தை மர அலமாரிகள் செய்யும் தச்சுத் தொழிலாளி. குடும்பத்தில் வசதி இல்லை. சிறு வயதிலேயே வயலின் கற்ற ஃபோர்ட்டாஸ், நடன நிகழ்ச்சிகளில் வாசித்துப் பொருள் ஈட்டினார். வயலின் அவரது வாழ்நாள் முழுவதும் உடன் வந்தது. பிற்காலத்தில் வாசிங்டனின் சியார்ச்சுடவுன் பகுதியிலிருந்த தமது இல்லத்தில் நண்பர்களுடன் நால்வர் குழுவாக அமர்ந்து வாசிப்பது அவர் வழக்கம்.

உதவித்தொகை பெற்று மெம்பிசிலிருந்த கல்லூரியில் படித்து 1930 இல் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1933 இல் தேறினார். அங்கு மாணவர்கள் நடத்தும் சட்ட ஆய்விதழின் தலைமை ஆசிரியராக இருந்தார். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான வில்லியம் டக்ளசு யேலில் இவருக்கு ஆசிரியர். 1935 இல் கரோலின் ஆகர் என்பவரை மணந்தார். அவரும் யேலில் சட்டம் பயின்று, வரிச் சட்டத்தில் வல்லுநர் எனப் பெயர் பெற்றவர். இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

அரசுப் பணியும் வழக்கறிஞர் தொழிலும்

பிராங்கிளின் ரூசவெல்ட் அதிபராக இருந்த காலத்தில், பொருளாதாரப் பெருமந்தத்தைச் சமாளிக்க அமைக்கப்பட்ட புதிய அரசுத் துறைகள் இளம் வழக்கறிஞர்கள் பலரை வாசிங்டனுக்கு ஈர்த்தன. ஃபோர்ட்டாசும் அவர்களுள் ஒருவர். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் உட்படப் பல அமைப்புகளில் பணியாற்றி, 1942 இல், 32 வயதில், உள்துறையின் துணைச் செயலாளரானார். அமெரிக்காவில் இத்துறை காவல் பணியைச் சார்ந்ததன்று. பொது நிலங்கள், இயற்கை வளங்கள், ஆட்சிப் பகுதிகள் ஆகியவற்றைக் கவனிப்பதாகும்.

1946 இல் அரசுப் பணியை விட்டு, தம் பழைய பேராசிரியர் தர்மன் ஆர்னால்டுடன் சேர்ந்து சட்ட நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு பால் போர்ட்டரும் இணைந்தார். பெரிய வணிக நிறுவனங்களின் வழக்குகளே இந்நிறுவனத்தின் வருவாய்க்கு அடிப்படை. எனினும், பொதுவுடைமையாளர் என ஐயுறப்பட்டுத் தொல்லைக்கு உள்ளானவர்களுக்காகவும் அது வாதாடியது. அக்காலத்தில் பலரும் அதற்கு அஞ்சி ஒதுங்கினர்.

1948 இல் டெக்சசு மாநிலத்தில் செனட் அவைத் தேர்தலுக்கான மக்களாட்சிக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பில் லிண்டன் ஜான்சன் 87 வாக்கு வேறுபாட்டில் வென்றார். முறைகேடு நடந்ததாகக் கூறி எதிர்த்தரப்பினர் நீதிமன்றத் தடை பெற்றனர். அத்தடையை நீக்கும் வழியை வகுத்தவர் ஃபோர்ட்டாஸ். உச்ச நீதிமன்ற நீதிபதி இயூகோ பிளாக் தடையை நிறுத்தி வைத்தார். ஜான்சன் செனட் உறுப்பினரானார், பின்னர் அதிபருமானார். ஃபோர்ட்டாசின் உயர்வுக்கும் வீழ்ச்சிக்கும் இந்த நட்பே பெருங்காரணம் எனலாம்.

மேல்முறையீட்டு வழக்கறிஞர்

கட்டணம் பெறாமல், நீதிமன்றம் அமர்த்தியதன் பேரில் ஃபோர்ட்டாஸ் நடத்திய இரு மேல்முறையீடுகள் அவர் பெயரை நிலைக்கச் செய்தன. இரண்டுமே வீடு அல்லது கடை புகுந்து திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களுடையவை என்பது கவனிக்கத்தக்கது.

முதலாவது, மான்டி டர்காம் என்னும் இளைஞரின் வழக்கு. மனநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்த அவர் வீடு புகுந்த குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டார். மனநோயின் விளைவாக நிகழ்ந்த செயலுக்கு ஒருவரைக் குற்றப் பொறுப்பாளி ஆக்க முடியாது என்னும் விதியை வாசிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1954 இல் இவ்வழக்கில் வகுத்தது. 1972 இல் அதே நீதிமன்றம் இவ்விதியைக் கைவிட்டது.

இரண்டாவது வழக்கு உலகறிந்தது. புளோரிடா மாநிலத்தின் பனாமா சிட்டியில், 1961 இல், ஒரு மேசைக்கோற்பந்து விடுதிக்குள் திருடும் நோக்கத்துடன் புகுந்ததாகக் கிளாரன்சு கிடியன் மீது குற்றம் சாட்டப்பட்டது. வழக்கறிஞர் வைக்கப் பணமில்லை என்று அவர் கூறியும் நீதிமன்றம் எவரையும் அமர்த்தவில்லை. மரண தண்டனைக்குரிய வழக்குகளில் மட்டுமே புளோரிடா வழக்கறிஞரை அளித்து வந்தது. தாமே தமக்காக வாதாடித் தோற்ற கிடியனுக்கு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. சிறையிலிருந்தபடியே பென்சிலால் எழுதி அவர் அனுப்பிய மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, 1962 இல் ஃபோர்ட்டாசை அவருடைய வழக்கறிஞராக அமர்த்தியது.

கிடியனை அறிந்துகொள்ள விரும்பிய ஃபோர்ட்டாஸ், வாழ்க்கை வரலாற்றை எழுதி அனுப்புமாறு கேட்டார். சிறையிலிருந்து நீண்ட கடிதம் வந்தது. சிறுவனாக வீட்டை விட்டு ஓடியதையும், ஒரு கடையில் துணி திருடியதற்காக மிசௌரியிலிருந்த சிறார் சீர்திருத்தச் சிறையில் ஓராண்டு அடைபட்டிருந்ததையும் கிடியன் அதில் விவரித்திருந்தார். 51 வயதில் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டிய மனிதரின் சட்டத் தொடர்பு ஒரு சிறுவனின் திருட்டில் தொடங்கியிருந்தது.

1963 மார்ச்சு 18 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கிடியனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். அதே ஆண்டு ஆகத்து மாதத்தில் நடந்த மறு விசாரணையில், இம்முறை வழக்கறிஞர் ஒருவர் வாதாட, கிடியன் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். ஆனால் இத்தீர்ப்பின் பயன் பெரியவர்களுக்கே கிட்டியது. சிறார் நீதிமன்றத்தில் நிற்கும் பிள்ளைக்கு வழக்கறிஞர் உரிமை உண்டா என்ற வினா அப்போது எழவில்லை.

சிறார் நீதிமன்றங்களின் அக்கால நிலை

அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் 1899 இல் இலினொய் மாநிலத்தின் சிகாகோ நகரில் தொடங்கப்பட்டது. அதுவரை பிள்ளைகளும் பெரியவர்களைப் போலவே விசாரிக்கப்பட்டு, அவர்களுடனேயே சிறையில் அடைக்கப்பட்டு வந்தனர். இக்கொடுமையைப் போக்கவே சீர்திருத்தவாதிகள் தனி நீதிமன்றம் கேட்டனர். பிள்ளையைத் தண்டிப்பதன்று, தாய் தந்தையர் இடத்திலிருந்து திருத்துவதே அரசின் வேலை என்பது அவர்களின் கொள்கை. பிள்ளை செய்தது குற்றம் என்று அழைக்கப்படவில்லை. ஆகவே குற்றப்பத்திரிகை, சான்றுரைஞர், குறுக்கு விசாரணை, வழக்கறிஞர், சான்றாயர் குழு ஆகியவை தேவையற்றவை என ஒதுக்கப்பட்டன. 1925 ஆம் ஆண்டளவில் இரண்டு மாநிலங்கள் தவிர மற்றெல்லா மாநிலங்களிலும் இத்தகைய நீதிமன்றங்கள் ஏற்பட்டிருந்தன.

இதை எதிர்த்த மேல்முறையீடுகள் தொடக்கத்திலேயே தோற்றன. பிலடெல்பியாவில் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டுச் சீர்திருத்த இல்லத்திற்கு அனுப்பப்பட்ட 14 வயதுச் சிறுவனின் வழக்கில், பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 1905 இல் தீர்ப்புக் கூறியது. அரசு அவனைத் தண்டிக்கவில்லை, காப்பாற்றுகிறது. ஆகவே சான்றாயர் விசாரணை கேட்க இடமில்லை என்பது அதன் சாரம். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இக்கருத்தே நாடு முழுவதும் ஆட்சி செலுத்தியது.

விளைவு என்னவென்றால், ஒரு பணப்பையைத் திருடியதாகப் பிடிபட்ட பிள்ளை, நீதிபதியின் அறையில் சில நிமிட உரையாடலுக்குப் பின், வயது வரும்வரை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைக்கப்படலாம். உரையாடல் எழுதி வைக்கப்படாது. நீதிபதி காரணம் எழுத வேண்டியதில்லை. எழுத்துப் பதிவும் காரணமும் இல்லாத முடிவை மேல் நீதிமன்றம் எதைக்கொண்டு ஆராயும்? பல இடங்களில் மேல்முறையீட்டு உரிமை இருந்தும் பயனற்றிருந்தது. அரிசோனா போன்ற மாநிலங்களில் அவ்வுரிமையே இல்லை.

உச்ச நீதிமன்றத்தில்

1965 சூலையில், நீதிபதி ஆர்தர் கோல்டுபர்க்கை ஐக்கிய நாடுகள் அவைக்கான தூதராகச் செல்லும்படி அதிபர் ஜான்சன் வற்புறுத்தி இணங்கச் செய்தார். காலியான அவ்விடத்திற்கு ஃபோர்ட்டாசை முன்மொழிந்தார். ஃபோர்ட்டாஸ் முதலில் மறுத்தார். வழக்கறிஞர் தொழிலில் கிடைத்த வருவாயுடன் ஒப்பிட நீதிபதியின் ஊதியம் மிகக் குறைவு. இவர் மனைவியும் இதை விரும்பவில்லை. ஆயினும் ஜான்சனின் பிடிவாதமே வென்றது. 1965 ஆகத்து 11 அன்று செனட் அவை ஒப்புதல் அளித்தது. அக்டோபர் 4 அன்று பதவியேற்றார்.

கென்ட் வழக்கு

பதவியேற்ற சில மாதங்களிலேயே சிறார் நீதிமன்ற வழக்கொன்று இவரிடம் வந்தது. வாசிங்டன் நகரச் சிறுவன் மாரிசு கென்ட், 1959 இல், 14 வயதில், வீடுகளுக்குள் புகுந்ததற்காகவும் ஒரு பெண்ணின் கைப்பையைப் பறிக்க முயன்றதற்காகவும் பிடிபட்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டான். 1961 இல் ஒரு பெண்ணின் குடியிருப்பில் புகுந்தவன் அவரது பணப்பையை எடுத்துச் சென்றான். அவரை வன்புணர்வுக்கும் உள்ளாக்கினான். அங்குக் கிடைத்த கைரேகைகள், 1959 இல் எடுக்கப்பட்ட கென்ட்டின் கைரேகைகளுடன் பொருந்தின. அப்போது அவனுக்கு வயது 16.

சிறார் நீதிமன்றத்திலேயே அவன் விசாரிக்கப்பட்டிருந்தால் 21 வயதுவரை, அதாவது கூடியது ஐந்தாண்டுகளே, அடைத்து வைக்க முடியும். ஆனால் 'முழு விசாரணை' செய்தபின் ஒரு சிறுவனைப் பெரியவர்களுக்கான நீதிமன்றத்திற்கு மாற்றச் சட்டம் இடமளித்தது. தாய் அமர்த்திய வழக்கறிஞர் இம்மாற்றத்தை எதிர்த்து மனு அளித்தார். சிறுவனைப் பற்றிய சமூகப் பணியாளர் கோப்பைப் பார்க்கவும் அனுமதி கேட்டார். நீதிபதி மனுக்களுக்குப் பதில் அளிக்கவில்லை. வழக்கறிஞர், பெற்றோர், சிறுவன் ஆகிய எவரையும் கேட்கவில்லை. முழு விசாரணை செய்ததாக ஒரு வரி எழுதி வழக்கை மாற்றிவிட்டார். மாற்ற ஆணையை எதிர்த்துச் செய்த மேல்முறையீட்டை நகராட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1963 இல் தள்ளியது. பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் குற்றச்சாட்டையே எதிர்த்து மனுச் செய்வதுதான் வழி என்றது. அங்குச் சென்றபோது, மாற்ற ஆணைக்குப் பின்னே சென்று பார்க்க அந்நீதிமன்றம் மறுத்தது. வீடு புகுதல், கொள்ளை ஆகிய ஆறு குற்றச்சாட்டுகளில் கென்ட் குற்றவாளி எனவும், வன்புணர்வுக் குற்றச்சாட்டுகளில் மனநோய் காரணமாகக் குற்றப் பொறுப்பு இல்லாதவன் எனவும் முடிவாயிற்று. கிடைத்த தண்டனை 30 முதல் 90 ஆண்டுகள்.

1966 மார்ச்சு 21 அன்று உச்ச நீதிமன்றம் 5–4 எனப் பிரிந்து இம்முடிவை நீக்கியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய ஃபோர்ட்டாஸ், ஐந்தாண்டு அடைப்புக்கும் மரண தண்டனைக்கும் இடையிலான வேறுபாட்டை ஒரு வரியில் முடிவு செய்யக்கூடாது எனக் கண்டார். மாற்றத்திற்கு முன் விசாரணை நடக்க வேண்டும். வழக்கறிஞர் கோப்பைப் பார்க்க வேண்டும். மேல் நீதிமன்றம் ஆராயத்தக்க அளவில் நீதிபதி காரணங்களை எழுத வேண்டும் என்று வகுத்தார். பெரியவர்களுக்குரிய பாதுகாப்பும் இன்றி, வாக்களிக்கப்பட்ட பரிவும் இன்றிப் பிள்ளைகள் இரு வகையிலும் இழக்கிறார்களோ என்ற ஐயத்தையும் தீர்ப்பு வெளிப்படுத்தியது.

அதற்குள் கென்ட் 21 வயதைக் கடந்திருந்ததால் சிறார் நீதிமன்றத்திற்கு அவனைத் திருப்பி அனுப்ப இயலவில்லை. மாற்றம் சரிதானா என்பதைப் புதிதாக விசாரிக்குமாறு வழக்கு கீழே அனுப்பப்பட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1968 இல் அம்மாற்றம் தகாதது என்று முடிவு செய்தது.

கால்ட் வழக்கு

ஃபோர்ட்டாசின் தீர்ப்புகளில் தலையாயது கால்ட் வழக்கின் தீர்ப்பாகும். அரிசோனா மாநிலத்தின் கைலா மாவட்டத்தைச் சேர்ந்த ஜெரால்டு கால்ட் என்னும் 15 வயதுச் சிறுவன், தன் நண்பனுடன் சேர்ந்து அண்டை வீட்டுப் பெண்ணிடம் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசியதாக 1964 சூன் 8 அன்று பிடிக்கப்பட்டான். வழக்கு தொலைபேசி அழைப்பைப் பற்றியதே. எனினும் அதன் அடியில் இரு திருட்டுக் கதைகள் கிடந்தன. ஒரு பெண்ணின் கைப்பையிலிருந்து பணப்பையைத் திருடிய வேறொரு சிறுவனுடன் இருந்ததற்காக, அதே ஆண்டு பிப்ரவரியில் கால்ட் ஆறு மாத நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டிருந்தான். மற்றது அதனினும் மெலிந்தது. 1962 இல் அவன் இன்னொரு சிறுவனின் அடிபந்தாட்டக் கையுறையைத் திருடியதாக ஒரு தகவல் வந்திருந்தது. போதிய அடிப்படை இல்லாததால் அது விசாரிக்கப்படவே இல்லை.

பிடிபட்ட அன்று பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்றிருந்தனர். மகன் காப்பகத்தில் இருப்பதை மாலையில் அடுத்தவர் சொல்லித்தான் தாய் அறிந்தார். மறுநாள் நீதிபதியின் அறையில் விசாரணை நடந்தது. புகார் கூறிய பெண் வரவில்லை. எவரும் உறுதிமொழி எடுக்கவில்லை. எதுவும் பதிவு செய்யப்படவில்லை. தாக்கல் செய்யப்பட்ட மனுவின் படி பெற்றோருக்குத் தரப்படவில்லை. அடுத்த விசாரணை நாளை, நன்னடத்தை அலுவலர் சாதாரணத் தாளில் எழுதிய குறிப்பே தெரிவித்தது. சூன் 15 அன்று நடந்த அவ்விசாரணையில், புகார் கூறியவரை வரவழைக்குமாறு தாய் கேட்டார். தேவையில்லை என்று நீதிபதி மறுத்தார். 21 வயதுவரை, அதாவது ஆறு ஆண்டுகள், மாநிலத் தொழிற்பள்ளியில் வைக்குமாறு ஆணையிடப்பட்டது. இதே செயலைப் பெரியவர் ஒருவர் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் அபராதம் அல்லது கூடியது இரண்டு மாதச் சிறை.

அரிசோனாவில் சிறார் வழக்குகளில் மேல்முறையீடு இல்லாததால் பெற்றோர் ஆட்கொணர்வு மனு அளித்தனர். அந்த விசாரணையில் சிறார் நீதிமன்ற நீதிபதியே சான்றுக் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கு உள்ளாக நேர்ந்தது. ஆணைக்குக் காரணம் கூற முற்பட்ட அவர், கால்ட் தொடர்ந்து ஒழுக்கக்கேட்டில் ஈடுபட்டவன் என்பதற்கு அந்தக் கையுறைச் செய்தியையும் எடுத்துக் காட்டினார். முதல் விசாரணையில் சிறுவன் என்ன ஒப்புக்கொண்டான் என்பதில் மூவர் மூன்று விதமாகக் கூறினர். எண்ணைச் சுழற்றி நண்பனிடம் கொடுத்ததை மட்டுமே ஒப்புக்கொண்டான் என்றார் தாய். ஆபாசச் சொற்களைப் பேசியதாக ஒப்புக்கொண்டான் என்றார் நன்னடத்தை அலுவலர். அவற்றுள் ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டான் என்றார் நீதிபதி. ஒரு பக்க எழுத்துப் பதிவு இருந்திருந்தால் இக்குழப்பம் எழுந்திராது. மாநில நீதிமன்றங்கள் இரண்டும் மனுவைத் தள்ளின.

அரிசோனா வழக்கறிஞர் அமீலியா லூயிசின் முயற்சியால் வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. அங்கு நார்மன் டோர்சன் வாதாடினார். 1967 மே 15 அன்று வெளியான ஃபோர்ட்டாசின் தீர்ப்பு நான்கு உரிமைகளை உறுதிப்படுத்தியது. குற்றச்சாட்டை முன்கூட்டியே எழுத்தில் அறிதல், வழக்கறிஞரைப் பெறுதல், எதிர்ச் சான்றுரைஞரைக் குறுக்கு விசாரணை செய்தல், தனக்கு எதிராகத் தானே சான்று கூற மறுத்தல் ஆகியவை அவை. கிடியனுக்குப் பெற்றுத் தந்த உரிமையை நான்கு ஆண்டுகளில் பிள்ளைகளுக்கும் நீட்டிக்கும் வாய்ப்பு, அதே மனிதருக்கு நீதிபதி இருக்கையில் அமைந்தது. தொழிற்பள்ளி என்று பெயரிட்டாலும், பூட்டிய கதவுக்குள் ஆறு ஆண்டுகள் என்பது சிறைதான் என்பதே தீர்ப்பின் உயிர்நிலை.

ஆனால் பெற்றோர் கேட்ட மேலும் இரண்டை, அதாவது மேல்முறையீட்டு உரிமையையும் விசாரணையின் எழுத்துப் பதிவையும், அரசியலமைப்பு கட்டாயமாக்குகிறது என்று ஃபோர்ட்டாஸ் கூறவில்லை. பெரியவர்களுக்கே மேல்முறையீடு அரசியலமைப்பு உரிமை என்று அந்நீதிமன்றம் அதுவரை கூறியதில்லை என்பதைச் சுட்டி, அக்கேள்வியைத் திறந்தே விட்டார். அவை இல்லாமையால் மேல் நீதிமன்றங்களுக்கு நேரும் சுமையையும், நீதிபதியே சான்று கூற நேரும் பொருந்தாமையையும் விவரித்ததோடு நிறுத்திக்கொண்டார். மாறாக, நான்கு உரிமைகளுள் இரண்டை மட்டுமே ஏற்ற நீதிபதி ஆர்லன், மேல்முறையீட்டுக்குப் போதுமான எழுத்துப் பதிவு கட்டாயம் வேண்டும் என்று தனியே எழுதினார். இந்த ஒன்றில் பெரும்பான்மையைவிட ஆர்லனே ஒரு படி முன்னே சென்றார்.

நீதிபதி சுடூவர்ட்டு மட்டும் முற்றிலும் மாறுபட்டார். சிறார் நீதிமன்றத்தைக் குற்றவியல் நீதிமன்றம் போல ஆக்கினால், பிள்ளைகளும் தூக்கிலிடப்பட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கே திரும்ப நேரும் என்று அவர் அஞ்சினார். இவ்வச்சத்தை வெறும் பழமைவாதம் என ஒதுக்க முடியாது. பிற்காலத்தில் பல மாநிலங்கள் சிறார் வழக்குகளைப் பெரியவர்களுக்கான நீதிமன்றங்களுக்கு மாற்றுவதை எளிதாக்கின.

பிற தீர்ப்புகள்

படிவளர்ச்சிக் கொள்கையைப் பள்ளியில் கற்பிப்பதைத் தடை செய்த ஆர்கன்சா மாநிலச் சட்டத்தை 1968 இல் செல்லாததாக்கிய தீர்ப்பை ஃபோர்ட்டாஸ் எழுதினார். வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புக் கைப்பட்டை அணிந்து பள்ளிக்கு வந்த மாணவர்களின் கருத்துரிமையை ஏற்ற 1969 பிப்ரவரித் தீர்ப்பும் இவருடையதே. அவர்கள் எதிர்த்த போரைப் பற்றி அதிபருக்கு ஆலோசனை கூறி வந்தவர்களுள் இவரும் ஒருவர். நீதிபதியான பின்னும் ஜான்சனுக்கு அரசியல் ஆலோசனை கூறுவதை இவர் நிறுத்தவில்லை.

தலைமை நீதிபதி முன்மொழிவும் பதவி விலகலும்

1968 சூனில் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் ஓய்வு பெற முன்வந்தபோது, அவ்விடத்திற்கு ஜான்சன் ஃபோர்ட்டாசை முன்மொழிந்தார். செனட் குழுவின் விசாரணையில் அதிபருடனான நெருக்கம் கேள்விக்கு உள்ளானது. பல்கலைக்கழகமொன்றில் விரிவுரையாற்றியதற்கு, தம் பழைய கூட்டாளி திரட்டிய தனியார் பணத்திலிருந்து 15,000 டாலர் பெற்றதும் வெளியானது. எதிர்ப்பாளர்கள் விவாதத்தை நீட்டி வாக்கெடுப்பைத் தடுத்தனர். அக்டோபர் 1 அன்று விவாதத்தை முடிக்கக் கோரும் தீர்மானத்திற்கு 45 பேர் ஆதரவாகவும் 43 பேர் எதிராகவும் வாக்களித்தனர். தேவையான மூன்றில் இரு பங்கு கிடைக்காததால், ஃபோர்ட்டாசின் வேண்டுகோளின்படி முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது.

1969 மே மாதத்தில் லைப் இதழ் வேறொரு செய்தியை வெளியிட்டது. பங்குச் சந்தைக் குற்றங்களுக்காகப் பின்னர் சிறை சென்ற நிதியாளர் லூயிசு உல்ப்சனின் அறக்கட்டளையிலிருந்து, நீதிபதியாக இருந்தபோதே, 1966 சனவரியில் ஃபோர்ட்டாஸ் 20,000 டாலர் பெற்றிருந்தார். ஆண்டுதோறும் வாழ்நாள் முழுவதும் அத்தொகை கிடைக்கும்படியும், தமக்குப்பின் மனைவிக்குச் செல்லும்படியும் உடன்பாடு இருந்தது. அதே ஆண்டு இறுதியில் பணத்தைத் திருப்பியளித்து உடன்பாட்டையும் முறித்திருந்தார். எனினும் பதவி நீக்கத் தீர்மானம் வரும் என்ற நிலை ஏற்பட்டது. தவறு ஏதும் செய்யவில்லை என்று கூறி, மே 14 தேதியிட்ட கடிதத்தில் பதவி விலகினார். கால்ட் தீர்ப்பு வெளியாகிச் சரியாக ஈராண்டு நிறைந்த நாளில் அச்செய்தி அறிவிக்கப்பட்டது. இத்தகைய அழுத்தத்தால் விலகிய முதல் உச்ச நீதிமன்ற நீதிபதி இவரே.

விலகலுக்குப் பின் சிறார் வழக்குகள்

ஃபோர்ட்டாசின் இருக்கை ஓராண்டுக்கு மேல் காலியாக இருந்தது. அக்காலத்தில்தான் வின்சிப் வழக்கு தீர்ப்புக்கு வந்தது. நியூயார்க்கில் ஒரு பெட்டக அறையிலிருந்த பெண்ணின் கைப்பையிலிருந்து 112 டாலர் திருடியதாக 12 வயதுச் சிறுவன் மீது குற்றம் சாட்டப்பட்டிருந்தது. ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டதெனக் கூற முடியாமல் இருக்கலாம் என்று விசாரித்த நீதிபதியே ஒப்புக்கொண்டார். ஆயினும் சிறார் வழக்கில் சான்றுகள் சற்று ஒரு பக்கம் சாய்ந்தாலே போதும் என்று மாநிலச் சட்டம் கூறியதால் அவனைப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார். 18 வயதுவரை, ஆறு ஆண்டுகள் அவன் அங்கே இருக்க நேரிடலாம். 1970 மார்ச்சு 31 அன்று, எட்டு நீதிபதிகளே இருந்த உச்ச நீதிமன்றம் 5–3 என அம்முடிவை நீக்கியது. பிள்ளைகளின் குற்றமும் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட வேண்டும் என விதித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி பிரென்னன் கால்ட் தீர்ப்பையே அடித்தளமாகக் கொண்டார்.

காலி இடத்திற்கு ஏரி பிளாக்மன் வந்தார். பிலடெல்பியாவில் இருபது முப்பது சிறுவர்கள் கூடி மூன்று பிள்ளைகளை விரட்டி 25 சென்ட் பறித்த நிகழ்ச்சியில், 16 வயதுச் சிறுவன் ஒருவன் கொள்ளை, திருட்டு, திருட்டுப் பொருளைப் பெறுதல் ஆகிய குற்றங்களுக்கு உள்ளானான். சான்றாயர் விசாரணை கேட்டு அவன் செய்த மேல்முறையீட்டை 1971 இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கால்ட் தொடங்கிய பாதைக்கு எல்லை வகுத்த அம்முடிவின் முதன்மைக் கருத்துரையை எழுதியவர், ஃபோர்ட்டாசின் இருக்கையில் அமர்ந்திருந்த பிளாக்மனே.

இறுதிக் காலம்

பதவி விலகிய ஃபோர்ட்டாசை அவர் தொடங்கிய சட்ட நிறுவனமே திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அங்குப் பணியாற்றி வந்த அவர் மனைவி தொடர்ந்து அங்கேயே இருந்தார். 1970 இல் ஃபோர்ட்டாஸ் வேறொருவருடன் சேர்ந்து சிறிய நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தித் தொழில் நடத்தினார். புகழ் பெற்ற செல்லோ இசைக் கலைஞர் பாப்லோ காசல்சு இவருடைய நண்பர். அவருடைய பெயரால் புவேர்ட்டோ ரிக்கோவில் நடந்த இசை விழாவிலும் ஈடுபாடு கொண்டிருந்தார்.

பதவி விலகிய பின் ஒரே ஒருமுறைதான் ஃபோர்ட்டாஸ் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். 1982 மார்ச்சு 22 அன்று, புவேர்ட்டோ ரிக்கோவின் கட்சியொன்றின் சார்பில், தாம் அமர்ந்திருந்த மேடைக்கு எதிரே நின்று வாதாடினார். அதன்பின் இரு வாரங்களில், ஏப்ரல் 5 அன்று, பெருந்தமனி வெடித்ததால் வாசிங்டனில் காலமானார். அவ்வழக்கின் தீர்ப்பு அதே ஆண்டு சூனில் அவருடைய கட்சிக்காரருக்குச் சார்பாக ஒருமனதாக வெளிவந்தது.